மனத்தொலைவை அளந்தவர்கள்

நிலத்தை அளக்கச் சங்கிலி உண்டு. நெல்லை அளக்க மரக்கால் உண்டு. பிற இனத்தாரைத் தாழ்வாக எண்ணும் மனத்தை எதனைக் கொண்டு அளப்பது? இருபதாம் நூற்றாண்டின் சமூகவியலார் இவ்வினாவிற்கு விடைகாண முற்பட்டனர்.

அவர்களுள் முன்னோடி அமெரிக்கப் பேராசிரியர் எமரி போகார்டஸ். இவர் 1925ஆம் ஆண்டில் ‘சமூகத் தொலைவு அளவுகோல்’ ஒன்றை வெளியிட்டார். அதற்குப் படிகள் ஏழு. ஓர் இனத்தாரை மணவுறவால் சுற்றமாக ஏற்பது முதற்படி. நண்பராக, அண்டை வீட்டாராக, உடன் தொழில் புரிவோராக, குடிமக்களாக, வந்து செல்வோராக மட்டும் ஏற்பது எனத் தொலைவு படிப்படியாக மிகும். நாட்டிற்குள்ளேயே விடலாகாது என்பது இறுதிப்படி. 1926இல் தொடங்கிய இக்கணக்கெடுப்பு 1946, 1956, 1966 ஆகிய ஆண்டுகளிலும் நடத்தப்பெற்றது.

ஆயின், சொல்லும் செயலும் ஒன்றாகுமா? ரிச்சர்டு லாபியர் என்பார் 1930 முதல் சீன இளந்தம்பதியர் இருவருடன் அமெரிக்காவில் நெடும்பயணம் மேற்கொண்டார். சீனர்பால் வெறுப்பு மிக்கிருந்த காலம் அது. எனினும் 251 தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே அவர்களை ஏற்க மறுத்தது. பின்னர், சீனரை ஏற்பீரோ என மடல்வழி வினவியபோது, விடை தந்தோருள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் மறுப்பே எழுதினர். 1934இல் வெளிவந்த இவ்வாய்வு, தாளில் எழுதும் விடை மட்டுமே மனிதனைக் காட்டாது என்று உணர்த்தியது.

1946இல் யூஜின் ஹார்ட்லி வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. இனங்களின் பட்டியலில் அவர் உலகில் இல்லாத மூன்று பெயர்களையும் புனைந்து சேர்த்திருந்தார். உண்மை இனங்களை ஒதுக்கியோர் அப்பொய் இனங்களையும் ஒதுக்க முனைந்தனர்! காணாத மக்கள் அவர்களுக்கு இழைத்த தீங்கு யாது? வெறுப்பின் வேர் வெறுக்கப்படுவோரிடம் இல்லை. வெறுப்போர் உள்ளத்திலேயே உள்ளது.

1994இல் ஃபெலீசியா பிராட்டோ, ஜிம் சிடேனியஸ் முதலியோர் ‘சமூக மேலாதிக்க நாட்டம்’ என்னும் அளவுகோலை அமைத்தனர். எந்த இனத்தை வெறுக்கிறாய் என அது வினவவில்லை. சில குழுக்கள் மேலாகவும் சில கீழாகவும் இருத்தல் தகுமா என்பதையே வினவியது. விடைகள் 1 முதல் 7 வரையிலான எண்களால் குறிக்கப்பட்டன.

கல்விக்கு இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. பிற இனத்தாரின் உணவையும் விழாவையும் மாணவர்க்கு அறிமுகம் செய்தல் நன்றே. ஆயின் அது மட்டும் போதாது. மேல், கீழ் என்னும் எண்ணமே இளம் உள்ளங்களில் வேரூன்றாவண்ணம் காத்தல் வேண்டும். அப்பணி வகுப்பறையில் தொடங்குகிறது.