நிலைப்புள்ளி: இயந்திரத் தொழிலில் ஒரு கருத்தின் வரலாறு

அளவு என்பது ஓரிடத்தில் தொடங்கிப் பிறிதோரிடத்தில் முடிவது. முடியுமிடத்தைப் பெரிதும் கருதும் மாந்தர் தொடங்குமிடத்தை அத்துணை கருதுவதில்லை. உலோகஞ் செதுக்குந் தொழிலில் இக்குறையை நீக்கிய கருத்தே நிலைப்புள்ளி. ஒரு வேலைத்துண்டின் அளவுகள் யாவும் எவ்விடத்திலிருந்து எடுக்கப்படுகின்றனவோ அவ்விடமே அதன் நிலைப்புள்ளியாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கியின் உறுப்புகள் கையரத்தால் அராவிப் பொருத்தப்பட்டன. ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தாது. போர்க்களத்தில் ஓருறுப்பு முறியின், கைதேர்ந்த கொல்லன் கிடைக்கும்வரை அப்படைக்கலம் பயனற்றதே. இக்குறையை அமெரிக்காவில் முதன்முதல் தீர்த்தவர் எலி விற்னி என்று நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. ஆயினும், அவர் செய்த துப்பாக்கிகளின் உறுப்புகள் ஒன்றிற்கொன்று முற்றும் பொருந்தாமையைப் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அப்புகழில் பெரும்பங்கு ஜோன் ஹோல் (1781–1841) என்பாருக்கே உரியது.

பின்புறமாக மருந்திடும் துப்பாக்கிக்கு வில்லியம் தோண்டனுடன் இணைந்து 1811 இல் ஆக்கவுரிமை பெற்ற ஹோல், 1819 இல் அரசாங்கத்துடன் 1000 துப்பாக்கிகளுக்கு உடன்படிக்கை செய்தார். பொற்றோமாக், ஷெனன்டோவா ஆகிய ஆறுகள் கூடும் ஹாப்பர்ஸ் பெரியில் அவர் அமைத்த இயந்திரங்களுட் சில, சுழலும் வெட்டியால் உலோகத்தைச் சீவுபவை. இன்றைய மில்லிங் இயந்திரத்தின் முன்னோடிகள்.

ஓருறுப்பு முழுமைபெறப் பல வெட்டுகள் வேண்டும். முன்னைய வெட்டின் முகத்தை ஆதாரமாகக்கொண்டே அடுத்த வெட்டை அளந்தால், ஒவ்வொன்றிலும் நேரும் மயிரிழைப் பிழை அடுத்ததிற் சென்று சேரும். பத்தாம் வெட்டில் அது பத்து மயிரிழையாதலுங் கூடும். ஹோல் ஒவ்வோருறுப்பிலும் ஒரு தாங்கிடத்தைக் குறித்து, வெட்டுகள் யாவற்றையும் அவ்வொன்றிலிருந்தே அளந்தார். அதனால் ஒரு வெட்டின் பிழை அவ்வெட்டோடே நின்றது.

முதல் 1000 துப்பாக்கிகள் முடிய ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சென்றன. தாமதமுஞ் செலவும் கண்டனத்துக்குள்ளாயின. எனினும், அவருடைய இயந்திரங்களை ஆராய்ந்த குழுவினர் 1827 இல் அவற்றைப் பெரிதும் பாராட்டினர். 1834 இல், கனெற்றிக்கட்டில் சிமியன் நோர்த் செய்த துப்பாக்கிகளின் உறுப்புகள் ஹாப்பர்ஸ் பெரியிற் செய்யப்பட்டவற்றோடு மாறிப் பொருந்தின. இரு மாநிலங்களிலே, ஒருவரையொருவர் காணாத தொழிலாளரின் கைவேலை ஒன்றுபட்டது.

1952 இல் மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்விநிலையத்தில், துளையிட்ட நாடாவின் எண்களுக்கேற்ப இயங்கும் மில்லிங் இயந்திரம் காட்டப்பட்டது. அதன் வழிவந்த இயந்திரங்கள் வெட்டியை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் தாமே செலுத்துகின்றன. ஆனால், மேசையிற் பூட்டிய துண்டின் மூலை எங்குள்ளது என்பதை அவற்றுக்கு அறிவித்தல் வேண்டும். வழக்கமாகத் தொழிலாளி, விளிம்பறியுங் கருவியைச் சுழலச்செய்து துண்டின் பக்கத்தைத் தொடச்செய்வார். கருவியின் முனை 10 மில்லிமீற்றர் விட்டமுடையதாயின், சுழலச்சின் நடு விளிம்புக்கு 5 மில்லிமீற்றர் அப்பால் நிற்கும். அவ்வரைவிட்டத்தைக் கணக்கிற் சேர்த்த பின்னரே அத்திசையின் சுழி நிலைபெறும். அதனை மறப்பின், இயந்திரம் அத்தவற்றைத் துண்டு முழுவதிலும் பிழையின்றி நிறைவேற்றும்.

கருவிகள் எத்துணை வளரினும், எங்கிருந்து அளப்பது என்னும் வினா மனிதனுக்கே எஞ்சியுள்ளது. ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் ஹோல் ஆறாண்டு உழைத்துக் கண்ட விடையின் பெருமை இதனாற் புலனாகும்.