மதச்சபை ஒதுக்கிய மாது

மஞ்சள் கடுதாசி கொடுத்தவரைக் கண்டால் "தலைவிதி" என்பர் நம் நாட்டார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1656-இல் திவாலானது விதியாலா? அன்று! 1639-இல் 13,000 கில்டருக்கு வாங்கிய ஆம்ஸ்டர்டாம் வீட்டின் தீராக் கடன். கலைப்பொருள்களை வாங்கிக் குவித்த வேட்கை! ஏலத்தில் பொருள்கள் போயின, வீடும் போயிற்று. இனித் தீட்டுவதும் கடன்காரர் கைக்கே போகுமெனில், அடுப்பெரிவது எவ்வாறு?

கைகொடுத்தது எந்தத் தேவனுமல்ல, ஹென்ட்ரிக்யே அம்மையார்! மணமின்றி ரெம்பிராண்டுடன் வாழ்ந்தாரென்று 1654-இல் மதச்சபை திருவிருந்து மறுத்த அதே மாது! 1660-இல் அவரும், ஓவியரின் மகன் டைட்டசும் வாணிபக் கூட்டு ஒப்பந்தம் எழுதினர். ஓவியங்கள் கூட்டுக்குச் சொந்தம். ரெம்பிராண்டுக்கு உணவும் உறையுளும். கடன்காரர் பறிக்க என்ன உண்டு? கடன் கொடுத்தோர்க்கு இஃது இழப்பே. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் தூரிகை ஓயவில்லை. 1662-இல் துணி ஆய்வாளர் குழுவின் ஓவியம் பிறந்தது. அடுத்த ஆண்டு அம்மையார் மறைந்தார்.