வாழை இழைய வளர்ப்பில் தாவர இயக்குநீர்கள்

வாழை இழைய வளர்ப்பில் குருத்து உருவாவதை, ஊடகத்தில் சேர்க்கப்படும் தாவர இயக்குநீர்களின் விகிதம் பெரிதும் தீர்மானிக்கிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் முசிறி, தொட்டியம் ஆகிய காவிரிக்கரைப் பகுதிகளில் வாழை முக்கியப் பயிராகும். உண்ணும் வாழை வகைகள் பொதுவாக விதையற்றவை, பக்கக்கன்றுகளால் பெருக்கப்படுபவை. அக்கன்றுகளுடன் நூற்புழுக்களும் வாடல் நோயும் பரவக்கூடும் என்பதால் இழைய வளர்ப்புக் கன்றுகள் பயன்பாட்டிற்கு வந்தன. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்டது.

இயக்குநீர்களின் பங்கு

1957 இல் ஸ்கூக், மில்லர் ஆகியோர் புகையிலை இழையத்தைக் கொண்டு இவ்விகிதத்தின் விளைவை விளக்கினர். ஆக்சினை நோக்க சைட்டோகைனின் மிகுந்தால் குருத்தும், ஆக்சின் மிகுந்தால் வேரும், இடைப்பட்ட நிலையில் உருவமற்ற கேலஸ் திரளும் தோன்றுகின்றன.

வாழையில், நுண்ணுயிர் நீக்கப்பட்ட தண்டு நுனி முராசிகி-ஸ்கூக் ஊடகத்தில் (1962) வைக்கப்படுகிறது. இதில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் பென்சைல் அடினின் என்னும் சைட்டோகைனின் சேர்க்கப்படும். இது நுனி ஆதிக்கத்தைத் தளர்த்துவதால் உறங்கும் கோணமொட்டுகள் கொத்தாக வளர்கின்றன. கொத்துகள் பிரிக்கப்பட்டு மீண்டும் மீண்டும் புதிய ஊடகத்திற்கு மாற்றப்படும். இறுதியில் ஆக்சின் கொண்ட ஊடகத்தில் குருத்துகள் வேர்விடுகின்றன. பின்னர் அவை நிழற்கூடத்தில் பழக்கப்படுத்தப்படும்.

வரம்புகள்

சைட்டோகைனின் அளவும் மறுவளர்ப்பு முறைகளும் மிகுந்தால், குட்டை மரம் போன்ற மாறுபட்ட கன்றுகள் தோன்றக்கூடும். பல மாறுபாடுகள் வயலில்தான் தெரியவரும். அதற்குள் உழவரின் செலவு முடிந்திருக்கும். முடிக்கொத்து நோய்த் தீநுண்மத்தை இயக்குநீர்கள் நீக்குவதில்லை. தாய்மரத்தில் அது இருப்பின் கன்றுகளுக்கும் பரவும். எனவே தாய்மரச் சோதனை இன்றியமையாதது. இதற்கென இந்திய அரசு 2006 இல் சான்றளிப்பு முறையை ஏற்படுத்தியது.