கிழித்த தாளில் எஞ்சிய பெயர்

1692ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்சிலுள்ள சேலத்தில் (நம் சேலம் அன்று) சூனியக் குற்றம் சாட்டப்பெற்றுத் தூக்கிலிடப்பட்டவர் ஜான் பிராக்டர். அறுபது வயது முதியவர். பழிசுமத்தியோருள் ஒருத்தியான அபிகெய்ல் பன்னிரண்டு வயதளவிலான சிறுமி. 1953இல் அரங்கேறிய ‘தி குரூசிபிள்’ நாடகத்தில் ஆர்தர் மில்லர் அவரை இளைஞராக்கினார். அபிகெய்லைப் பதினேழு வயதினளாக்கி, இருவரிடையே ஒரு தகாத உறவையும் புனைந்தார்.

வரலாற்றில் இல்லாத இக்களங்கம் எதற்கு? மாசற்றவன் பொய்க்கு இணங்க மறுப்பதில் வியப்பில்லை. மில்லரின் பிராக்டரோ ஊரார் மதிப்புக்கு அஞ்சித் தன் பிழையை நெடுநாள் மறைத்தவன். மனைவியைக் காக்கவே மன்றத்தில் அதை வெளியிட்டான். அப்போதே புகழ் போயிற்று. பின்னர் உயிராசையால் பொய் வாக்குமூலமும் தருகிறான். பிறரைக் காட்டிக்கொடுக்க மட்டும் இசையவில்லை. கையொப்பமிட்ட தாள் தேவாலயக் கதவில் அறையப்படவிருப்பதைப் பொறாமல் அதைக் கிழித்தெறிகிறான்.

தன் பெயருக்காகவே மன்றாடுகிறான் என்பது உண்மை. ஆயினும் இழந்த புகழை எவ்வாறு காப்பது? பெயர் என்னும் ஒரே சொல்லால் புகழையும் சுட்டும் நாம் இங்கே மயங்கிவிடக் கூடாது. அவன் காத்தது, ஊர் தந்ததன்று; தனக்குள் தான் யார் என்பதை.

1956இல் நாடாளுமன்றக் குழு மில்லரை விசாரித்தது. தம்மைப் பற்றிப் பேசினார். பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்தார். 1957இல் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. 1958இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை நீக்கியது.