செம்புக்குப் பதிலா கண்ணாடி

எங்க பெருமுக்கல்லேருந்து மரக்காணம் உப்பளப் பக்கம் போனா, செம்புக்கம்பி பச்சை பூத்துக் கிடக்கும். விமானத்துல செம்புக்கு வேற தொல்லை, மின்காந்த இரைச்சல். கண்ணாடி இழையை அது அண்டாது.

பஞ்சாப்காரர் நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸோட சேர்ந்து, இழைக்கட்டு வழியா படத்தையே கடத்தினதை 1954-ல் 'நேச்சர்' வெளியிட்டது. 1995-ல் சேவைக்கு வந்த போயிங் 777-ல் தகவல் வலைக்கு ஒளியிழை இருந்தது. ஆனா விமானியோட கட்டளையையே ஒளியில அனுப்பறதுக்குத் தில் வேணும்ங்க. ஜப்பானோட கவாசாகி பி-1 அப்படித்தான் 2007-ல் பறந்தது. நீர்மூழ்கி தேடற விமானமாச்சே, கம்பி இரைச்சல் உணர்கருவிகளைக் குழப்பக்கூடாதில்ல?

நம்ம தேஜஸ் 2001 ஜனவரி 4-ல் முதல்முதலா பறந்தப்போ கட்டளை போனது மின்கம்பியில, நாலு தடத்துல. அதுவும் லேசுப்பட்ட வேலையில்ல. இருந்தாலும் கபானி பொறந்த நாடாச்சேன்னு ஒரு ஆதங்கம். அவருக்குப் பத்ம விபூஷண் 2021-ல் வந்தது, இறந்த பிறகு.