ஏரிக்கரையில் வென்ற சொல்

சொல்வன்மை என்றால் மேடையில் முழங்கும் வாக்குசாதுரியம் என்றே நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் திருவள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரம் வகுத்தபோது, அரசனிடம் எடுத்துரைத்துக் காரியத்தை முடித்துவர வேண்டிய அமைச்சனுக்குரிய லட்சணங்களுள் ஒன்றாக அதைப் பொருட்பாலில் வைத்தார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. ஆளும் அதிகாரம் முழுவதும் கேட்பவனிடமும், சொல் ஒன்று மட்டும் சொல்பவனிடமும் இருக்கும் இடத்திலேதான் அந்த வன்மைக்குச் சோதனை. அப்படியொரு சோதனை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுச் சீமையிலே, மதுராந்தகம் ஏரிக்கரையில் நடந்தேறியது.

ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி 1763இல் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்த இச்சீமை, 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் குடிகள் சிதறி, ஏரிகள் பழுதுற்று, விளைநிலங்கள் தரிசாகக் கிடந்த நிலையில், 1794இல் லியோனல் பிளேஸ் என்பவர் இதற்குக் கலெக்டராக வந்தார். தண்ணீர் இல்லையேல் தீர்வை இல்லை என்பதை அறிந்து ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்து நின்ற உழைப்பாளி அவர். ஆயினும் குடிகளை இணங்கவைக்கும் வித்தை அவருக்கு எளிதில் கைவரவில்லை; அவர் விதித்த தீர்வையை ஏற்க மனமில்லாத மிராசுதார்கள் பலர், கட்டளையிடும் அதிகாரம் அனைத்தும் அவர் கையிலே இருந்தும், ஊரை விட்டே வெளியேறி நின்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. ஏரி காப்பது இந்த மண்ணில் கும்பினி வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரார் பொறுப்பாக இருந்தது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதற் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையால் எடுக்கும் முறையை விரித்துரைக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத பாலன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்த அந்தச் சபையோர், ஆளைத் தேர்வதில் நாவன்மைக்கு இடமே வைக்காமல் விட்டது வியக்கத்தக்க விவேகம் என்பேன்.

மதுராந்தகத்துக்கு வருவோம். மழைக்காலம்தோறும் கரை உடைத்துக்கொண்டிருந்த அந்தப் பேரேரியைப் பார்வையிட வந்த பிளேஸ் துரையிடம், கோதண்டராமர் கோயில் அர்ச்சகர்கள், ஜனகவல்லித் தாயாருக்குச் சந்நிதி எடுக்க உதவவேண்டும் என்று விண்ணப்பித்ததாகக் கர்ணபரம்பரைச் செய்தி. ஏரிக்கே பணம் போதாதபோது கோயிலுக்கு ஏது என்று துரை கேட்டாராம். அவர்கள் தம் தெய்வத்தின் மகிமையை நெடுநேரம் வருணிக்கவில்லை. மனமாரப் பிரார்த்திப்பவர்களை எங்கள் பெருமாள் கைவிடமாட்டார் என்றார்கள். அப்படியானால் இவ்வாண்டு அவர் கரையைக் காக்கட்டும், நான் சந்நிதியைக் கட்டித் தருகிறேன் என்று துரை வாக்களித்தார். பெருமழை பெய்தது. இரவில் கரை நிலவரம் காண நனைந்துகொண்டு போனவரின் கண்ணுக்கு, வில்லேந்திய இரு வாலிபர்கள் ஒளி வீசக் கரைமேல் உலவிக் காவல் புரிந்த காட்சி தென்பட்டதென்றும், விடிந்தபோது கரை உடையாமல் நின்றதென்றும் ஊரார் சொல்வர். பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்று திருநாமம் வழங்குவது இதனாலேயே.

அந்தக் காட்சி அவரவர் நம்பிக்கைக்கு உரியது. என் சிந்தனையைக் கவர்வது அர்ச்சகர்களின் பேச்சு. அந்நிய சமயத்தவரான ஓர் அதிகாரியிடம் தம் பக்தியை அவர்கள் திணிக்கவில்லை. அவர் நெஞ்சில் ஏற்கெனவே குடியிருந்த கவலை எதுவோ, அந்த ஏரிக்கரைக் கவலையோடு தம் விண்ணப்பத்தை முடிந்துவைத்தார்கள். கரை நின்றால் நெல் விளையும். நெல் விளைந்தால் கும்பினிக்குத் தீர்வை, குடிக்குச் சோறு, கோயிலுக்குப் படித்தரம். மூவர் நலமும் ஒரே மதகின் வழியாகப் பாய்வதைத் துரையே கண்டுகொள்ளும்படி விட்டதுதான் அவர்கள் திறம். ஊரை விட்டு ஓடிய மிராசுதார்களிடம் அவ்வளவு அதிகாரமும் சாதிக்காததை, ஆயுதமோ செல்வமோ இல்லாத சில அர்ச்சகர்களின் இரண்டொரு வார்த்தை சாதித்தது.

துரை தம் வாக்கைக் காப்பாற்றினார். இந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையவர்களுடையது என்று அறிவிக்கும் தமிழ் எழுத்துக்கள் தாயார் சந்நிதியின் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. மதுராந்தகம் வழியாகச் செல்லும் அன்பர்கள் சற்றே இறங்கி, முதலில் ஏரிக்கரையில் நின்று அந்த நீர்ப்பரப்பைக் கண்ணாரக் கண்டபின், உள்ளே போய் அந்த எழுத்துக்களைப் படித்துப் பார்க்கவேண்டுகிறேன்.