வட்டுக்கோட்டை செமினரி: மாணவர் வாழ்வும் சமயமும்

வட்டுக்கோட்டை செமினரி (1823–1855) யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய கிறிஸ்தவ உயர்கல்வி நிறுவனம். வட்டுக்கோட்டைக் குருமடம், பட்டிக்கோட்டா செமினறி என்ற பெயர்களாலும் அறியப்படுகிறது. தமிழ் இளைஞர்களைக் கிறிஸ்தவ ஊழியர்களாகப் பயிற்றுவிப்பது இதன் முதன்மை நோக்கம். அமெரிக்கத் திருச்சபையினர் அளித்த நன்கொடை, அமெரிக்க ஆசிரியர்கள், ஆங்கிலப் பாடநூல்கள், யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்கள் என இரண்டு உலகங்கள் இங்கே சந்தித்தன. கல்வியை ஏற்றுக்கொண்ட மாணவர்கள் எல்லோரும் சமயத்தை ஏற்கவில்லை. செமினரி மூடப்பட்டதற்கும், அதன் மாணவர்கள் தமிழ்ப் பதிப்பு, இதழியல், கல்வி ஆகிய துறைகளில் முன்னோடிகளானதற்கும் இந்த இடைவெளியே பின்னணியாக அமைந்தது.

தோற்றம்

பொஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்தின் ஊழியர்கள் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தனர். டானியல் பூவர் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸ் வட்டுக்கோட்டையிலும் பணியாற்றினர். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் கட்டப்பட்டுச் சிதைந்து கிடந்த தேவாலய வளாகங்களைச் செப்பனிட்டு அவற்றில் குடியேறினர். கிராமங்களில் தமிழ்ப் பள்ளிகளைத் தொடங்கினர். மாணவர்கள் தங்கிப் பயிலும் விடுதிப் பள்ளிகளையும் அமைத்தனர்.

விடுதிப் பள்ளிகளில் தேறிய மாணவர்களுக்கு உயர்கல்வி அளிக்கும் திட்டத்தை 1823-ல் மிஷனரிகள் வெளியிட்டனர். தமிழ் இலக்கியம், ஆங்கிலம், ஐரோப்பிய அறிவியல், கிறிஸ்தவ இறையியல் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் கற்பிப்பது அத்திட்டம். அதே ஆண்டு டானியல் பூவரின் தலைமையில் வட்டுக்கோட்டையில் வகுப்புகள் தொடங்கின. பூவருக்குப் பின் ஹென்றி ஹொய்சிங்டன் தலைவரானார்.

நன்கொடையாளர் பெயர்கள்

மாணவர்களின் உணவு, உடை, தங்குமிடம் ஆகியவற்றுக்கான செலவை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர்களும் சபைகளும் ஏற்றனர். ஒரு மாணவனைத் தாங்குபவர் அவனுக்குப் பெயரிடும் வழக்கம் இருந்தது. நன்கொடையாளரின் பெயரோ, அவர் மதித்த போதகர் ஒருவரின் பெயரோ மாணவனுக்குச் சூட்டப்பட்டது. சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கரோல் ஆனதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் இவ்வாறுதான்.

மாணவர் பதிவேட்டில் ஒரு பெயராலும் வீட்டில் இன்னொரு பெயராலும் அழைக்கப்பட்டனர். பிற்காலத்தில் பலர் இரண்டு பெயர்களையும் சேர்த்தே எழுதினர். யாழ்ப்பாணத் தமிழறிஞர்களின் பெயர்களுக்கு முன் ஆங்கிலப் பெயர்களும் தலைப்பெழுத்துகளும் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

விடுதியும் சாதியும்

விடுதி வாழ்க்கையில் முதல் சிக்கல் உணவில் எழுந்தது. அமெரிக்க மிஷன் விடுதிகளுக்கு வந்த சிறுவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர். மிஷன் வளாகத்துக்குள் உண்பது சாதி ஆசாரத்துக்கு மாறானது எனக் குடும்பங்கள் கருதின. வெள்ளாளச் சமையற்காரரை அமர்த்தியே விடுதிகளை நடத்த முடிந்தது. சாதி வேறுபாட்டைக் கிறிஸ்தவத்துக்கு எதிரானதாக மிஷனரிகள் கருதினாலும், மாணவர்களை இழக்காமலிருக்க நடைமுறையில் விட்டுக்கொடுத்தனர். இந்த முரண் செமினரியின் இறுதிக்காலம் வரை முழுமையாகத் தீரவில்லை.

அன்றாட வாழ்க்கை ஜெபத்தையும் வேதாகம வாசிப்பையும் சுற்றி அமைந்தது. ஞாயிறு ஆராதனைக்கு எல்லா மாணவர்களும் செல்ல வேண்டும். ஆனால் சபையில் சேர்வதற்குத் தனி விசாரணை உண்டு. விண்ணப்பித்தவரின் மனமாற்றம் உண்மையானதா என மிஷனரிகள் நீண்ட காலம் கவனித்த பின்பே ஞானஸ்நானம் அளித்தனர். 1824-ல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் நிலையங்களில் எழுப்புதல் எனப்படும் சமய எழுச்சி நிகழ்ந்தபோது மாணவர்கள் பலர் சபையில் சேர்ந்தனர். சேர்ந்தவர்களுக்கு வீட்டில் எதிர்ப்பு காத்திருந்தது. திருமணம், சொத்துரிமை, கோயில் சடங்குகள் ஆகிய எல்லாவற்றிலும் அந்த முடிவின் விளைவு இருந்தது.

வானியலும் நம்பிக்கையும்

கணிதமும் வானியலும் செமினரியில் சிறப்பிடம் பெற்றன. புராணங்கள் கூறும் அண்ட அமைப்பு பிழையானது என நிறுவினால் சைவத்தின் மீதுள்ள நம்பிக்கையும் தளரும் என மிஷனரிகள் எண்ணினர். 1829 மார்ச் மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணம் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. யாழ்ப்பாணத்தின் புகழ்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்கும் இடையே வேறுபாடு இருந்தது. இது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. கிரகணத்தன்று பூவரின் கணிப்பே சரியாக அமைந்தது.

ஆனால் மிஷனரிகள் எதிர்பார்த்த சமய மாற்றம் இதனால் பெருமளவில் நிகழவில்லை. மாணவர்கள் புதிய வானியலைக் கற்றனர். சைவக் குடும்பங்கள் பஞ்சாங்கத்தையும் கைவிடவில்லை. கணிதத்தில் திருத்தம் வேண்டும் என்பது ஒன்று, வழிபாட்டைக் கைவிடுவது வேறொன்று என்ற நிலைப்பாடே மேலோங்கியது.

கடல் கடந்த மாணவர்கள்

செமினரியில் கற்றவர்கள் யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடவில்லை. 1834-ல் அமெரிக்க மிஷன் மதுரையில் பணி தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் பயின்ற இளைஞர்கள் உதவியாளர்களாக உடன் சென்றனர். இதே முறையில் 1842-ல் திருமங்கலத்தில் ஒரு செமினரி தொடங்கப்பட்டு, 1845-ல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் மூலம் இந்தப் பசுமலைக் கல்வி நிலையமே.

சென்னைக்குச் சென்றவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாயினர். இருவரும் பின்னர் சைவத்தைத் தழுவினர். தாமோதரம்பிள்ளை வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

கிறிஸ்தவராகவே வாழ்ந்தவர்களும் தமிழுக்குப் பங்களித்தனர். 1841-ல் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற பெயர்களைத் தாங்கிய தமிழ் மாணவர்கள். பின்னாளில் அவ்விதழின் ஆசிரியராக இருந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் ‘பாவலர் சரித்திர தீபகம்’ நூலை 1886-ல் வெளியிட்டார்.

மூடல்

ஆங்கிலம் கற்ற மாணவர்களுக்கு அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை கிடைத்தது. சபை ஊழியத்தில் கிடைத்த ஊதியம் அதைவிடக் குறைவு. செமினரிக்கு வந்தவர்களில் பலருக்கு வேலைவாய்ப்பே நோக்கமாக இருந்தது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855-ல் யாழ்ப்பாணம் வந்து நிலைமையை ஆராய்ந்தார். மிஷன் பணம் தாய்மொழியில் போதிக்கும் உள்ளூர்ப் போதகர்களை உருவாக்கவே செலவிடப்பட வேண்டும், ஆங்கிலக் கல்வி மாணவர்களைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கிறது என்பது அவர் கருத்து. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது.

இந்த முடிவை முன்னாள் மாணவர்களும் ஊர்மக்களும் விரும்பவில்லை. உயர்கல்வி வேண்டும் என்ற அவர்களின் தொடர்ந்த கோரிக்கையின் விளைவாக, 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது.

வரலாற்று இடம்

சமயமாற்றத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் செமினரி தன் நோக்கத்தை முழுமையாக அடையவில்லை. ஆண்டர்சனின் முடிவு அந்த அளவுகோலின்படி எடுக்கப்பட்டது. ஆனால் மாணவர்கள் அங்கிருந்து எடுத்துச் சென்றவை வேறு. வகுப்பறை ஒழுங்கு, அச்சு, இதழ், தருக்கமுறையில் விவாதிக்கும் பழக்கம் ஆகியவை கிறிஸ்தவருக்கும் சைவருக்கும் பொதுவாயின. வெஸ்லியன் மிஷனில் கற்றுப் பணியாற்றிய ஆறுமுக நாவலர் 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது மிஷன் பள்ளிகளின் முறையையே சைவக் கல்விக்குப் பயன்படுத்தினார். செமினரி மாணவரான நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1880-களில் தொடங்கிய பள்ளி பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அமெரிக்கப் போதகர் ஒருவரின் பெயரைத் தாங்கிய மாணவரே சைவர்களின் முதன்மைக் கல்லூரிக்கு அடித்தளமிட்டார்.